செயற்கை வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால்… இருதயத்தில் பிடிக்கும் பூஞ்சை பற்றித் தெரிந்துகொள்வோம்



நம் கூட்டமைப்பு வேலை செய்கிற கிராமங்களில் இருதய வால்வு மாற்றும் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் அங்கங்கே இருக்கிறார்கள். நெஞ்சுக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருக்கும். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ‘டிக் டிக்’ என்று கடிகாரம் போல ஒரு சத்தம் கேட்கும். தினமும் ஒரு மாத்திரை தவறாமல் சாப்பிடுவார்கள். மற்றபடி அவர்களும் நம்மைப் போலத்தான் ஆடு மேய்க்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறார்கள்.

இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அது நமக்கு வருகிற காய்ச்சல் மாதிரி இல்லை. இதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தால் மட்டும் போதாது. கூட இருக்கிற மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, குழுவின் ஊக்குநர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் காய்ச்சல்காரர் தானே எழுந்து டவுனுக்குப் போகமாட்டார். யாராவது கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த இதழில் அந்தக் காய்ச்சல்களிலேயே மிக அபூர்வமான, ஆனால் மிக மோசமான ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். செயற்கை வால்வில் பூஞ்சை பிடிப்பது பற்றி.

வால்வு என்றால் என்ன?

கிணற்று மோட்டாருக்கு அடியில் ‘ஃபுட் வால்வு’ என்று ஒன்று இருக்கும். தண்ணீர் மேலே ஏறலாம், திரும்பக் கீழே இறங்கக்கூடாது. அது கெட்டுப்போனால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. நம் இருதயத்திலும் இப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன. இரத்தம் ஒரே பக்கமாகப் போகும்படி அவை திறந்து மூடுகின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை! கிணற்று வால்வு கெட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றிவிடுகிறோம். இருதய வால்வு கெட்டால் நெஞ்சைத் திறந்து, இருதயத்தை நிறுத்தி வைத்து, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டுத்தான் மாற்ற முடியும்.

அது ஏன் கெடுகிறது? வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து கெடலாம். ஆனால் நம் பக்கத்துப் பெண்களிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் விளைவு. 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் தொண்டை வலி வந்து சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்றைக்கு முட்டியில் வீக்கம், நாளைக்கு மணிக்கட்டில் என்று இடம் மாறும். மூட்டு வலி தானாகப் போய்விடும். இருதயத்தில் பட்ட காயம் போகாது. ‘மூட்டை நக்கும், இருதயத்தைக் கடிக்கும்’ என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு மாசமாக இருக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று வருவாள். அப்போதுதான் வால்வு சுருங்கிப் போனது தெரியும். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி பல வருடங்கள் போட வேண்டியிருப்பது இதனால்தான். அந்த ஊசியை நடுவில் நிறுத்திய குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ‘பிள்ளைதான் நல்லா ஓடியாடுதே’ என்பார்கள்.

செயற்கை வால்வு

உலகத்தில் இருதயத்துக்குள் வைத்து வெற்றி பெற்ற செயற்கை வால்வு அமெரிக்காவில் 1960இல் வந்தது. ஆல்பர்ட் ஸ்டார் என்ற டாக்டரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினியரும் சேர்ந்து செய்தது. ஒரு சின்னக் கூண்டுக்குள் ஒரு பந்து, அவ்வளவுதான். இரத்தம் தள்ளினால் பந்து மேலே போகும், திரும்ப வந்தால் கீழே உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு தட்டு மாதிரி சாய்ந்து திறக்கும் வால்வுகள் வந்தன.

வெளிநாட்டு வால்வு விலை நம் மக்களுக்குக் கட்டாது என்பதால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒன்றைச் செய்ய முயன்றார்கள். முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி தேறியது. 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். ‘சித்ரா வால்வு’ என்று அதற்குப் பெயர். இன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் சிலருடைய டிஸ்சார்ஜ் சீட்டிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். டாக்டர் வலியத்தான் 2024இல் காலமானார்.

இன்னொரு வகை பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இருதய உறையிலிருந்தோ பதப்படுத்திச் செய்வது. அதற்கு இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் பத்து, பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும். இளவயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். உலோக வால்வு தேயாது. ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விட முடியாது.

எந்த வகையானாலும் அதைச் சுற்றித் துணி வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தில்தான் தையல் போட்டு இருதயத்தோடு சேர்க்கிறார்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிருமி குடியேறுவது பெரும்பாலும் அந்தத் தையலோரத்தில்தான்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பூஞ்சை என்றால் நமக்குப் புதிது இல்லை. ஊறுகாய் மேல் வெள்ளையாகப் பூப்பது பூஞ்சை. பதநீரைப் புளிக்க வைத்துக் கள்ளாக்குவது ஒரு வகைப் பூஞ்சை. மழையில் நனைந்த வைக்கோல், ஈரத்தோடு மூட்டை கட்டிய நிலக்கடலை, முற்றிய கொப்பரை, எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்று கேட்டு நடுங்கினோமே, அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் பெற்றவர்களையும் அது தேடிப் பிடித்தது.

செயற்கை வால்வில் பிடிப்பது முக்கியமாக இரண்டு வகை. முதலாவது கேண்டிடா. இது வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் பெண்ணுறுப்பிலும் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. குழந்தை நாக்கில் வெள்ளையாகப் படர்வதும், நமக்குத் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்பட்டு அரிப்பதும் இதனால்தான். இரண்டாவது ஆஸ்பர்ஜில்லஸ். கடலையிலும் மக்காச்சோளத்திலும் பச்சையாக, கருப்பாகப் பிடிக்கிற பூசணம் இந்தக் குடும்பம். அதன் விதைகள் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் காற்றில் மிதக்கின்றன. நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் ‘வால்வு வச்சவங்க வைக்கோல் போர் பக்கமே போகக்கூடாதா?’ என்று பயப்பட வேண்டாம்.

அப்படியென்றால் எப்படி வால்வு வரைக்கும் போகிறது? பூஞ்சை இரத்தத்துக்குள் போவதற்கு ஒரு வாசல் வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் நெஞ்சு திறந்திருப்பது ஒரு வாசல். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கட்டடத்தை இடித்துக் கட்டும்போது எழும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் விதை ஏராளமாக இருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்கு வடிகட்டிய காற்று அனுப்புவது இதற்காகத்தான். கேண்டிடாவில் ஒரு ரகம் கைத்தோலில் வாழ்வது. கையுறைக்குள் இருக்கிற கை சுத்தமாக இல்லாமல், கையுறையும் கிழிந்தால் அதுவே வழியாகிவிடும். ஆனால் பெரிய வாசல் கழுத்து நரம்பிலோ தொடை நரம்பிலோ நாள் கணக்கில் செருகி வைக்கும் குழாய். ஐ.சி.யூ.வில் பல நாள் படுத்தவர்கள், பல வகை ஆன்டிபயாடிக் மருந்து வாரக்கணக்கில் ஏறியவர்கள், குடல் ஆபரேஷன் ஆனவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே ஒரு முறை வால்வில் பாக்டீரியா தொற்று வந்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆன்டிபயாடிக்குக்கும் பூஞ்சைக்கும் என்ன சம்பந்தம்? வயலில் களைக்கொல்லி அடித்தால் ஒரு களை சாகும், அதற்குச் சாகாத இன்னொரு களை வெறும் நிலத்தில் செழித்து வளரும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்கிறது. பூஞ்சைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இடம் காலியாகி அது பெருகுகிறது.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்டால், மிகக் குறைவு. செயற்கை வால்வு வைத்தவர்களில் முதல் வருடத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு வால்வில் ஏதோ ஒரு தொற்று வரலாம். அதிலும் பெரும்பாலானவை பாக்டீரியா. பூஞ்சை அதற்குள் ஒரு சிறு பங்கு. ஆனால் வந்தால், நல்ல சிகிச்சை கொடுத்தும் கேண்டிடாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் நிலைமை இதைவிட மோசம். அபூர்வம் என்று இதை ஒதுக்காமல் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

காய்ச்சல் எப்படி இருக்கும்?

இதில்தான் ஏமாந்துபோகிறோம். தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சலாக வந்தால் யாரும் சும்மா இருக்கமாட்டோம். இது அப்படி வரவேண்டும் என்று இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதப்பு, ராத்திரி வியர்வை, பசி இல்லை, எடை குறைகிறது, அசதி. ‘வேலை ஜாஸ்தி’ என்றோ ‘கண்ணு பட்டுடுச்சு’ என்றோ விட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் இழுக்கும்.

உள்ளே நடப்பது வேறு. தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழவழவென்று பாசி பிடிப்பதைப் போல வால்வின் மேல் பூஞ்சை ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலத்துக்குள் மருந்தும் சரியாகப் போகாது, உடம்பின் காவல் அணுக்களும் போகமுடியாது. அது கொத்தாக வளர்கிறது. பாக்டீரியாவை விடப் பூஞ்சைக் கொத்து பெரிதாக இருக்கும். வால்வு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அந்தக் கொத்து ஆடுகிறது. ஒரு துண்டு பிய்ந்தால் இரத்தத்தோடு ஓடி எங்காவது போய் அடைக்கும். மூளையில் அடைத்தால் பக்கவாதம். காலில் அடைத்தால் கால் ஜில்லென்று ஆகும். பெரிய இரத்தக் குழாயையே அடைக்கிற அளவுக்குத் துண்டு பெரிதாக இருந்தால் டாக்டர்களுக்கு முதலில் வரும் சந்தேகங்களில் பூஞ்சையும் ஒன்று.

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். அவருக்கு உலோக வால்வு வைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. குடல்வால் வெடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். கழுத்தில் குழாய், நிறைய ஆன்டிபயாடிக். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரும் கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சாயங்காலக் காய்ச்சல் ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் ஊசி போடுகிற இடத்துக்குப் போனார். டைபாய்டு என்று சொல்லி ஊசியும், இரண்டு நாளுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸும். இப்படியே மூன்று வாரம். வால்வு வைத்திருப்பதை அவர் சொன்னார். ‘அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா’ என்று பதில் வந்தது. ஒரு நாள் விடியற்காலை வலது காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. ‘காலு செத்துப் போச்சுக்கா, கல்லு மாதிரி ஜில்லுன்னு இருக்கு’ என்று குழுவின் பிரதிநிதிக்குப் போன் செய்தார். 108 வண்டியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொடையைத் திறந்து அடைப்பை எடுத்தார்கள். அதை வெறும் இரத்தக்கட்டி என்று தூக்கிப் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பினார் ஒரு இளம் டாக்டர். அதில்தான் பூஞ்சை தெரிந்தது, கேண்டிடா. வால்வை மறுபடியும் மாற்றினார்கள். கால் பிழைத்தது, இரண்டு விரல் போய்விட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார். பூஞ்சை மாத்திரை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மூன்று வாரம்தான் எங்களுக்கு உறுத்துகிறது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஒரு பாட்டிலில் இருக்கும் சத்து இரண்டு இட்லிக்கு மேல் இல்லை. ஆனால் அதற்காக நரம்பில் குத்துகிறோம். வால்வு வைத்தவருக்கு நரம்பில் போடும் ஒவ்வொரு குத்தும் ஒரு வாசல். இடுப்பில் போடும் ஊசியும் இவர்களுக்கு ஆகாது. இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவதால் உள்ளே சதையில் இரத்தம் கட்டிக்கொள்ளும்.

என்ன பரிசோதனை?

முக்கியமானது இரத்தக் கல்ச்சர். சாதாரண இரத்தப் பரிசோதனை வேறு, இது வேறு. சுத்தமாக எடுத்த இரத்தத்தைத் தனிப் பாட்டிலில் விட்டு, சூட்டில் நாள் கணக்கில் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது என்று பார்ப்பது. நெல் விதையை முளைகட்டிப் பார்க்கிறோமே, அது மாதிரி. மூன்று தடவை, தனித்தனியாக இரத்தம் எடுப்பார்கள். ‘எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீங்க’ என்று சண்டை போடாதீர்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுப்பது முக்கியம். முன்னாலேயே மெடிக்கலில் வாங்கி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டால் பாக்டீரியா பாதி செத்து, முளைக்காமல் போய்விடும். அப்புறம் இருப்பது பாக்டீரியாவா பூஞ்சையா என்றே தெரியாமல் டாக்டர்கள் இருட்டில் தேட வேண்டியதுதான்.

கேண்டிடா பெரும்பாலும் கல்ச்சரில் முளைத்துவிடும். ஆஸ்பர்ஜில்லஸ் இரத்தக் கல்ச்சரில் முளைப்பது அரிது. அதனால் ‘கல்ச்சர் நார்மல்’ என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் பெரிய டாக்டர்கள் மேலும் தேடுவார்கள். எக்கோ எடுப்பார்கள். நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் உலோக வால்வின் நிழல் மறைத்துக்கொள்ளும். ஆகையால் தொண்டை வழியாகச் சின்னக் குழாயை விட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். கண்ணையும் பரிசோதிக்கலாம். ‘நெஞ்சு வியாதிக்குக் கண்ணு டாக்டர் எதுக்கு?’ என்று கேட்கத் தோன்றும். கேண்டிடா இரத்தத்தில் சுற்றும்போது கண்ணின் உள்திரையில் போய் உட்காரும், அதைப் பார்க்கத்தான்.

சிகிச்சை நீளமானது

ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்தை நரம்பு வழியாக வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். 2021இல் கருப்புப் பூஞ்சைக்குக் கிடைக்காமல் நாடே தேடியது இதே மருந்தைத்தான். இது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கொழுப்புத் துளியில் கலந்து செய்த வகை சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுக்காது, விலை அதிகம். ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். மருந்து மட்டும் போதாது என்பதுதான் பெரும்பாலான நேரம் உண்மை. பாசி பிடித்த வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். இரண்டாவது முறை நெஞ்சைத் திறப்பது முதல் முறையை விடக் கஷ்டம். ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் நினைக்கிற சிலருக்கு மருந்தோடே காலம் தள்ளுவதும் உண்டு.

அதற்குப் பிறகும் பூஞ்சை திரும்பி வரும் குணம் கொண்டது. வருடங்கள் கழித்துக்கூட வந்திருக்கிறது. கேண்டிடா வந்தவர்களுக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை நீண்ட காலம், சில சமயம் ஆயுள் முழுக்கக் கொடுப்பது இதனால்தான். ‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்தக்கூடாது.

வெள்ளைப்படுதல் மாத்திரையும் வால்வு மாத்திரையும்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எல்லா வால்வுக்காரர்களுக்கும், பூஞ்சைத் தொற்று வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

உலோக வால்வு வைத்தவர்கள் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வால்வில் இரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க. அளவு குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் இரத்தம் நிற்காமல் போகும். கத்தி மேல் நடக்கிற மாதிரி. அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை.

இப்போது ஒரு பெண்ணுக்கு வெள்ளைப்பட்டு அரிக்கிறது. கூச்சம். டாக்டரிடம் போகாமல் மெடிக்கலில் கேட்கிறார். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைத் தருகிறார்கள். நமக்கு அது சாதாரண மாத்திரை. வால்வுக்காரருக்கு அப்படி இல்லை. அசிட்ரோமையும் வார்ஃபரினையும் ஈரல்தான் கரைத்து வெளியேற்றுகிறது. ஃப்ளூகோனசோல் அந்த வேலையைத் தடுத்துவிடும். சாப்பிட்ட வால்வு மாத்திரை உடம்பிலேயே தங்கி, சில நாளில் ஐ.என்.ஆர். எகிறிவிடும். ஈறில் இரத்தம், மூக்கில் இரத்தம், மாதவிலக்கு நிற்காமல் போவது, கருப்பாக மலம் போவது, தலைக்குள் இரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மைகோனசோல் ஜெல்லும் இதையே செய்யும். மேலே தடவுகிறதுதானே என்று நினைக்க வேண்டாம்.

பூஞ்சைத் தொற்று வந்து ஃப்ளூகோனசோலை நிரந்தரமாகச் சாப்பிட வேண்டியவர்களுக்கு டாக்டர் வால்வு மாத்திரையின் அளவைக் குறைத்து, ஐ.என்.ஆர். அடிக்கடி பார்த்துச் சரி செய்வார். இரண்டும் ஒன்றாகச் சாப்பிடவே கூடாது என்பது இல்லை. டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடக்கூடாது. அதே மாதிரி ஒன்றை நிறுத்தும்போதும் அளவு மாறும், சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். வெள்ளைப்படுதலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கிராம சுகாதார செவிலியரிடம் ‘நான் வால்வு வச்சிருக்கேன், அசிட்ரோம் சாப்பிடுறேன்’ என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

குழந்தை பெற நினைப்பவர்கள் நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, அதற்கு முன்பே இருதய டாக்டரைப் பார்க்க வேண்டும். வால்வு மாத்திரை கருவின் ஆரம்ப மாதங்களில் குழந்தையைப் பாதிக்கலாம். பயந்துபோய்த் தாமாக நிறுத்தினால் வால்வு அடைத்துத் தாயின் உயிர் போகும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே இவ்வளவு போதும்.

பல்லும் தோலும்

பல் சொத்தையிலிருந்து வால்வுக்குப் போவது பெரும்பாலும் பாக்டீரியா, பூஞ்சை அல்ல. ஆனால் ஒரு முறை பாக்டீரியா வந்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறினால் அடுத்து பூஞ்சைக்கு வழி திறக்கிறது என்று மேலே பார்த்தோம். எனவே இரண்டு வேளை பல் துலக்குங்கள். செங்கல் பொடி, சாம்பல் வைத்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்காதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன் ‘வால்வு வச்சிருக்கேன்’ என்று பல் டாக்டரிடம் சொன்னால், பிடுங்குவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், சேற்றுப்புண் வந்தால், மஞ்சள் பற்றுப் போட்டு நாள் கடத்தாமல் காட்டுங்கள். மூட்டு வலிக்கும் உடம்பு தேறவும் என்று விற்கிற பெயர் தெரியாத பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் குழு என்ன செய்யலாம்?

வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால், ஊசி போடும் இடத்துக்கும் மெடிக்கலுக்கும் அனுப்பாமல், கல்ச்சர் எடுக்கும் வசதி உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றோ மறுநாளோ அனுப்புங்கள். வால்வு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அதுவே நல்லது. டிஸ்சார்ஜ் சீட்டு, ஐ.என்.ஆர். நோட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘இவங்களுக்குச் செயற்கை வால்வு இருக்கு, ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுங்க டாக்டர்.’ நீங்கள் படித்தவரா என்று யாராவது முகத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். சமீபத்தில் வேறு எதற்காவது ஐ.சி.யூ.வில் படுத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூஞ்சையை நினைக்க வைப்பது அந்தத் தகவல்தான்.

திடீரென்று வாய் கோணினால், கை கால் விழுந்தால், கால் ஜில்லிட்டு மரத்தால், மூச்சு வாங்கிப் படுக்க முடியாவிட்டால், எப்போதும் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம் மந்தமானால் காத்திருக்கவே கூடாது, உடனே 108.

செலவைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலிருந்து நடக்கிறது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வால்வு மாற்று ஆபரேஷன் இதில் வருகிறது. கார்டு இல்லாதவர்கள் ஆபரேஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கும் வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும்தான். ஆனாலும் காப்பீடு எல்லாவற்றையும் கட்டாது. கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ், வெளியில் வாங்கும் மருந்து, இரண்டு மாதக் கூலி இழப்பு, இவைதான் குடும்பத்தைக் கந்துவட்டிக்குத் தள்ளுகின்றன. மேலே சொன்ன சகோதரிக்கு அவர் குழு அவசரக் கூட்டம் போட்டு அன்று ராத்திரியே உள்கடன் கொடுத்தது. தீர்மான நோட்டில் மறுநாள்தான் கையெழுத்து வாங்கினார்கள். தவணையை ஆறு மாதம் தள்ளியும் வைத்தார்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைப் பற்றிச் சிலர் கேள்வி கேட்டார்கள். விதிப்படி அது முறையா இல்லையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், இப்படிப்பட்ட நேரத்துக்கென்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் எழுதி வைத்துவிட்டால் ராத்திரியில் யாரும் விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்காது.

இந்த இதழோடு ஒரு சின்ன அட்டை இணைத்திருக்கிறோம். வால்வு வைத்த உறுப்பினர் பெயர், எந்த வால்வு, எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, தினமும் சாப்பிடும் மாத்திரை, கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆர். இவற்றை எழுத இடம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கவும். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஒரு நகலைக் குழுவின் வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டி வையுங்கள். அட்டை போதவில்லை என்றால் மாதக் கூட்டத்துக்கு வரும்போது அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.